எக்ஸ்பிரஸ் மெஷினுக்குத் தண்ணி காட்டிய கதை

காபி விற்கிறவளுக்குக் காபியைப் பற்றிக் கவலை வராது, பாலைப் பற்றி அரைக் கவலை வரும், மீதிக் கவலை எல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். வீட்டு முன்னறையில் கடை நடத்திய அக்கா தங்கைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மாவு மெஷினோ தையல் மெஷினோ, மெஷின் என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்குத் தலை தீபாவளி மாப்பிள்ளைக்குச் செய்கிற உபசாரத்தைத் தினமும் செய்ய வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டுக்கு வந்தது எக்ஸ்பிரஸ் காபி மெஷின். அதை எஸ்பிரஸோ என்றுதான் சொல்ல வேண்டுமாம், இப்போது பிள்ளைகள் திருத்துகிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொரட்டூரில் அது ரயில் மாதிரி எக்ஸ்பிரஸ்தான். எஸ்டேட்டில், அதாவது பக்கத்துத் தொழிற்பேட்டையில், என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியைக் கதவடைத்துவிட்டார்கள். இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று கேட் வாசலில் போய் உட்கார்ந்து பார்த்தவர், ஒரு நாள் மூடிப்போன ஓட்டல் ஒன்றிலிருந்து இந்த மெஷினை வாங்கி மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். என் வளையல் இரண்டும் அதற்குள் போயிருந்தன. கம்பெனி திறக்கிற வரைக்கும் எங்கள் அடுப்பில் உலை கொதிக்க வேண்டுமானால் முன்னறையில் இந்த மெஷின் கொதிக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அப்போதுதான் நான் ஏன் இத்தனை புலம்புகிறேன் என்று தெரியும்.

லோக்கலும் எக்ஸ்பிரஸும்

மெஷினின் வயிற்றில் தண்ணீர், அடியில் கேஸ் அடுப்பு, மூக்கில் ஆவி. பாலும் சர்க்கரையும் காபித்தூளும் போட்ட குவளையை அந்த மூக்குக்கு அடியில் பிடித்துக் கைப்பிடியைத் திருகினால் உஸ்ஸென்று சீறி நுரை பொங்கும். பக்கத்தில் வெந்நீருக்கு ஒரு குழாய் உண்டு. இது வரைக்கும் அழகுதான். வயிற்றில் தண்ணீர் தீர்ந்தால்தான் அழுகை. ஆவி மொத்தத்தையும் வெளியே விட வேண்டும். ஈரத்துணியைச் சுற்றித் தலை மூடியைத் திருகி எடுக்க வேண்டும். ஸ்டூல்மேல் ஏறிப் புனலை வைத்துக் குடத்தால் ஊற்ற வேண்டும். பிறகு மூடிவிட்டு, அது மறுபடி கொதிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

தண்ணீர் மத்தியானத்தில் தீருமா? தீராது. எங்கள் தெரு ஸ்டேஷனுக்குப் போகிற தெரு. காலையில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் எங்கள் ஜன்னலில் நின்று ஒரு காபி குடித்துவிட்டுப் போவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மெஷின் கொட்டாவி விடும். நான் குடத்தோடு ஸ்டூலில் நிற்பேன், ஜன்னலுக்கு வெளியே நிற்கிற கூட்டம் என் தலைக்குமேல் ஓடுகிற கடிகாரத்தைப் பார்க்கும். ஒவ்வொருவராக எதிர் டீக்கடைக்கு நழுவுவார்கள். ஒரு நாள் சஃபாரி சட்டை போட்ட ஆபீஸ்காரர் ஒருவர் மட்டும் பொறுமையாக நின்றார். அவருக்காகவே அவசர அவசரமாக ஊற்றிக் கையைச் சுட்டுக்கொண்டேன். குவளையை நீட்டும்போது ஸ்டேஷன் பக்கம் ஹாரன் கேட்டது. அவர் காபியை வாங்கி நிதானமாக ஊதிக்கொண்டே சொன்னார்: "இனிமே அவசரமில்லம்மா. உங்க எக்ஸ்பிரஸ் கிளம்பறதுக்குள்ள என் லோக்கல் போயிடுச்சு."

கல்

அடுத்த சங்கடம் மூக்கில் வந்தது. சீறிக்கொண்டிருந்த மெஷின் முனக ஆரம்பித்தது. பால் நுரைக்கவில்லை, வெறுமனே சுட்டது. ஏழுமலையைக் கூப்பிட்டோம். அவன் பைப் வேலை, ஸ்டவ் வேலை, மோட்டார் வேலை எல்லாம் செய்கிறவன். எதைச் செய்தாலும் முதலில் ஒரு காபியும் கடைசியில் ஒரு காபியும் குடிக்காமல் ஸ்பேனரைத் தொடமாட்டான். மெஷினே வேலை செய்யாதபோது காபிக்கு எங்கே போவேன் என்று கேட்டால், "அப்ப டீ வாங்கியா அண்ணாத்தே" என்று என் வீட்டுக்காரரை எதிர்க் கடைக்கே அனுப்பினான்.

டீயைக் குடித்துவிட்டு மெஷினைத் திறந்து உள்ளே கரண்டியை விட்டுச் சுரண்டினான். வெள்ளை வெள்ளையாகச் சில்லு பெயர்ந்து விழுந்தது. சுவரிலிருந்து சுண்ணாம்புப் பத்தை உரிகிற மாதிரி. எங்கள் போர் தண்ணீர் வாளியில் வெள்ளை படியவைக்கும், துணியைப் பலகை மாதிரி ஆக்கும் என்று எனக்குத் தெரியும். பாய்லருக்குள்ளே இப்படிக் கட்டிடமே கட்டும் என்று யார் கண்டார்கள்? முறம் நிறைய அள்ளினேன். ஏழுமலை கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, என் வளையல்களின் தலையெழுத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டான்: "இன்னொரு தபா இப்டி கல்லு கட்டிச்சினா பாய்லரு அவுட்டுக்கா, பேரீச்சம்பழத்துக்குதான் போடணும்."

டிக்கெட் இல்லாத பயணி

இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து வேண்டும். மெஷினுக்குள் நல்ல தண்ணீர் போக வேண்டும், அதுவும் குடம், புனல், ஸ்டூல் எதுவும் இல்லாமல் தானாகப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் உடனே கிளம்பிப் போய் ஒரு ஃபில்டர் வாங்கி வந்தார். ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்த இரண்டு எவர்சில்வர் பாத்திரம், மேல் பாத்திரத்துக்குள் கேண்டில் என்று இரண்டு வெள்ளை உருளை, கீழே குழாய். பல வீடுகளில் விருந்தாளிக்குத் தெரியும்படி ஹாலில் வைத்திருப்பார்களே, அதுதான். போர் தண்ணீரை மேலே ஊற்றினோம். கீழே சொட்டுச் சொட்டாக வந்தது. பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் வரும். ஆனாலும் பளிங்கு மாதிரி இருந்ததால் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். பளிங்கு மாதிரி உப்புக் கரித்தது. ஏழுமலையிடம் கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறான். கேண்டில் சேற்றையும் தூசியையும்தான் நிறுத்துமாம். அதை வாங்குவதற்கு முன்னால் தன்னிடம் கேட்கவில்லை என்று அவனுக்குக் கோபம் வேறு. "உப்பு இன்னா பண்ணும் தெர்மாக்கா? டிக்கெட்டு இல்லாம கேண்டிலு உள்ள பூந்து ஜாலியா அந்தாண்ட எறங்கிப் பூடும்."

லாரித் தண்ணீர்

ஆக, தண்ணீரையே மாற்ற வேண்டும். தெருமுனைத் தொட்டியில் லாரி ஊற்றிவிட்டுப் போகிற தண்ணீரில் உப்பு இல்லை. ஆனால் துரு இருக்கும், தூசி இருக்கும், சில நாள் இலைகூட இருக்கும். அதற்கு ஃபில்டர் சரியாக வரும். வாங்கினது வீண் இல்லை என்று என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். தொட்டியடியில் குடத்தோடு வரிசையில் நிற்கப் போகிறவள் நான் அல்லவா, அவருக்கு நிமிர்த்துவதற்கு என்ன கஷ்டம்!

குடும்பத்துக்கு என்று எடுக்கிற குடத்துக்கு மேல் ஒரு குடம் வைத்தால் வரிசையில் என்ன நடக்கும் என்று தொட்டித் தண்ணீர் பிடித்தவர்களுக்குத் தெரியும். மெஷினுக்கு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா நல்லவள்தான், எனக்குக் கடைசிப் பிரசவம் பார்த்தவள். ஆனால் கையில் குடம் இருக்கும்போது அவள் வேறு ஆள். என் குடத்தைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இன்னாடி கஸ்தூரி, இங்க மன்சன் குடிக்கவே தண்ணி இல்லாம சாவுறான், உன் மெஷினுக்கு லாரி தண்ணி கேக்குதா? பின்ன அதுக்கு ஒரு ரேஷன் கார்டும் வாங்கிக் குடு!"

நான் ரிட்டன்

சரோஜா அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்கும் காலையில் காபி இலவசம் என்று சமாதானம் ஆனது. தண்ணீர் கிடைத்தது. இனி அது தானாக மெஷினுக்கு நடக்க வேண்டும். பரணில் ஃபில்டர், அதை ஏறி நிரப்புவது என் வீட்டுக்காரர் பொறுப்பு; அதன் குழாய்க்கு அடியில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டிரம், டிரம்மின் அடியிலிருந்து ஒரு டியூப் இறங்கி மெஷின் வயிற்றுக்கு. நடுவில் ஒரு வால்வு. சொட்டுச் சொட்டாக இறங்கினாலும் பகல் முழுக்க இறங்கினால் டிரம் நிறையும். தீரும்போது ஆவியை விட்டுவிட்டு வால்வைத் திருப்பினால் போதும். மூடியைக் கழற்ற வேண்டாம், ஸ்டூல் ஏற வேண்டாம். ஏழுமலை எல்லாவற்றையும் மாட்டிக் கடைசிக் காபியும் குடித்துவிட்டு, "எல்லாம் ஓகேக்கா, ஆனா நான் ரிட்டன் வேணும்" என்றான்.

எனக்கு வந்ததே எரிச்சல். ஒரு வேலையை ஒரே நாளில் முடிக்கத் தெரியாதா? மறுபடி வந்து இரண்டு காபி குடிக்க வேண்டுமா? "நீ ரிட்டனும் வரவேணாம் ஒண்ணும் வரவேணாம், இருக்கிறதை முடிச்சுட்டுக் கிளம்பு" என்று சொல்லிவிட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அப்பால என்னிய கேக்கக் கூடாது" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை, ஜன்னலில் நல்ல கூட்டம். மெஷினில் தண்ணீர் குறைந்தது. என் வீட்டுக்காரர் ஆவியை வெளியே விட மறந்து வால்வைத் திருப்பினார். மேலேயிருந்து தண்ணீர் கீழே வரவில்லை. கீழேயிருந்து ஆவி மேலே போனது. டியூப் பாம்பு மாதிரி நெளிந்தது, பரணில் டிரம் குடுகுடுவென்று கத்தியது, மூடி பறந்து போய்ச் சுவரில் மோதியது, ஜன்னல் வரைக்கும் வெதுவெதுப்பாக மழை பெய்தது. நல்ல வேளை, யாருக்கும் சுடவில்லை. இஸ்திரி போட்ட சட்டைகள்தான் போயின. ஆள் அனுப்பி ஏழுமலையைக் கூப்பிட்டு, அவன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டேன். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் சொல்வதற்கு என்ன? அவன் சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு பித்தளைச் சாமானை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற வால்வாம் அது. "இத்தத்தான்க்கா நேத்து கேட்டேன்! நான் ரிட்டன்னா, நானு ரிட்டன் வர்றது இல்லக்கா, தண்ணி ரிட்டன் வராதது!"

ஒழுகும் மூக்கு

நான் ரிட்டன் மாட்டிய பிறகு ஒரு வாரம் சொர்க்கம். நான் ஸ்டூலில் ஏறவே இல்லை. சஃபாரி சட்டைக்காரர் ரயிலைப் பிடித்தார். கண் பட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. குடும்பத்தோடு திருவேற்காடு கோயிலுக்குப் போனோம். கிளம்புகிற அவசரத்தில் டிரம் வால்வை மூடவில்லை. நான் மூடவில்லை என்று அவர் சொல்கிறார், அவர்தான் மூடவில்லை என்று இன்றைக்கும் நான் சொல்கிறேன். மெஷின் ஆறிப்போனதும் டிரம்மில் இருந்த தண்ணீர் சத்தம் போடாமல் இறங்கி, வயிற்றை நிரப்பி, திறந்தே கிடந்த மூக்கு வழியாக வெளியே வந்திருக்கிறது. வரிசையில் நின்று, சண்டை போட்டு, சொட்டுச் சொட்டாக வடிகட்டிய தண்ணீர் வாசற்படி தாண்டிக் கோலத்தை அழித்துக்கொண்டு சாக்கடையில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த லாரி எப்போது வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. நான் பிரசாதப் பையோடு அப்படியே தெருவில் நின்றேன். சரோஜா அக்கா தன் வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "உன் பெரிய புள்ளைக்கு காத்தாலேர்ந்து மூக்கு ஒழுகிகினு கீதுடி, போயி தொடச்சி வுடு."

போர்டு

இவ்வளவு பாடுபட்டிருக்கிறோமே, ஊருக்குத் தெரிய வேண்டாமா? அன்றைக்கு டிரம் மழையில் நனைந்த கூட்டத்தில் பாதி இன்னும் திரும்பி வரவில்லை. எதிர் டீக்கடையில் போர் தண்ணீர்தான், அதையும் வடிகட்டுவதில்லை. நம் கடையில் ஃபில்டர் தண்ணீரில் காபி போடுகிறோம் என்று ஒரு போர்டு வைத்தால் கூட்டம் வரும் என்று எனக்குத் தோன்றியது. படிப்பை ஆறாவதோடு நிறுத்தினவளுக்கு இந்த யோசனை எப்படி வந்தது என்று என் வீட்டுக்காரருக்கே ஆச்சரியம். சினிமா போஸ்டருக்கு எழுத்து எழுதுகிற சேகரைக் கூப்பிட்டு, "ஃபில்டர் தண்ணீரில் போட்ட எக்ஸ்பிரஸ் காபி" என்று எழுதச் சொன்னேன்.

எழுதி மாட்டிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டான். மேலே சிவப்பில், யானை அளவுக்கு 'ஃபில்டர்'. கீழே அதே அளவுக்கு 'காபி'. எக்ஸ்பிரஸ் இரண்டுக்கும் நடுவில் எறும்பு மாதிரி ஊர்ந்தது. தண்ணீரைக் காணோம். இந்தப் போர்டில் இருக்க வேண்டிய ஒரே சொல் அதுதானே, எங்கேடா என்று கேட்டேன். அவன் பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னான்: "அக்கா, காபிக் கடை போர்டுல தண்ணின்னு எழுதினா, பால்ல தண்ணின்னுதான் ஜனம் படிக்கும். வியாபாரம் படுத்துரும்."

எது ஃபில்டர்?

நம் ஊரில் ஃபில்டர் என்றால் ஒன்றுதான். டிக்காஷன் இறக்குகிற பாத்திரம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வாரக்கணக்கில் கேண்டில், டிரம், டியூப் என்றே வாழ்ந்ததில் மறந்து போயிருந்தது. போர்டைப் பார்த்து வருகிற ஒவ்வொருவருக்கும் பரணைக் காட்டி விளக்க வேண்டியதாயிற்று. "ஃபில்டர் அங்கே இருக்குங்க" என்று மேலே கை காட்டினால், பரண்மேல் ஏறி யார் காபி போடுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறார்கள். எஸ்டேட்டில் லோடு இறக்குகிற ஒருவர் மட்டும் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நுரையை வழித்துக் குடித்துவிட்டு, என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார்: "காபியை ஃபில்டர் பண்ணாம தண்ணிய ஃபில்டர் பண்ணிக்கினு கீறியே நைனா, நல்லா கீறியா நீ?"

கம்பெனி அம்மா

இந்த நேரத்தில்தான் அந்த அம்மா வந்தார். எஸ்டேட்டில் பெண்கள் வேலை செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ரயிலில் வந்து எங்கள் தெரு வழியாக நடந்து போகிறவர். போர்டைப் பார்த்திருக்கிறார். அவர்கள் கம்பெனி முழுவதுக்கும் காலையும் சாயங்காலமும் காபி வேண்டுமாம். இதற்குமுன் கொண்டுவந்த ஆளின் காபியில் உப்புக் கரித்து, பெண்களுக்கு வயிறு கெட்டு, நிறுத்திவிட்டார்களாம். நாளைக்கு வந்து குடித்துப் பார்க்கிறேன், பிடித்தால் தினமும் நீங்களே அனுப்பலாம் என்றார். என் வீட்டுக்காரரின் கம்பெனி கேட்டில் பூட்டு துருப்பிடித்துக்கொண்டிருந்தது. இது கிடைத்தால் ஜன்னலையும் ரயிலையும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மறுநாள் வந்தார். முதலில் தண்ணீரைக் கேட்டார். பரணைக் காட்டினேன், டிரம்மைக் காட்டினேன், வால்வைத் திருப்பி, குடம் இல்லாமல் தண்ணீர் இறங்குவதைக் காட்டினேன். ஒரு தம்ளர் தண்ணீரையே வாங்கிக் குடித்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு நான் குவளையை மூக்கடியில் பிடித்துக் கைப்பிடியைத் திருகி, பொங்கப் பொங்க நுரையோடு நீட்டினேன். அவர் முகம் சுருங்கியது. "என்னங்க இது, ஃபில்டர் காபின்னு போர்டு போட்டுட்டு நுரையைக் குடுக்கறீங்க? எங்க முதலாளி இதைத் தொடமாட்டாருங்களே" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

என் வளையலை விற்று மெஷின் வாங்கிய என் வீட்டுக்காரர், அந்த மெஷின் காபியை ஒரு நாளும் வாயில் வைக்கமாட்டார். மணமே இல்லையாம். அவருக்கென்று தனியாக நான் சமையலறையில் டிக்காஷன் இறக்கி வைக்க வேண்டும். அதற்காக நான் அவரைத் திட்டாத நாள் இல்லை. அன்றைக்கு அந்த டிக்காஷன் அப்போதுதான் இறங்கியிருந்தது. அந்த அம்மா வாசற்படி இறங்குவதற்குள் பாலைக் கலந்து, இரண்டு ஆற்று ஆற்றிக் கொண்டு போய்க் கையில் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் தன் காபி போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த அம்மா நின்றபடி ஒரு வாய், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து மீதி. கம்பெனி முழுவதுக்கும் இதே மாதிரி தரமுடியுமா, அவ்வளவு வெந்நீருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மெஷின் பக்கத்திலிருக்கிற வெந்நீர்க் குழாயைத் திருகிக் காட்டினேன். கரிப்பில்லாத வெந்நீர், தளதளவென்று, நிற்காமல் வந்தது. அந்த அம்மாவுக்குத் திருப்தி. தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுந்துபோகும்போது பெரிய மனசோடு ஒரு யோசனையும் சொன்னார்: "நாளையிலேருந்து ஃபில்டர் காபி அனுப்பிடுங்க, ஆனா வெந்நீர் வைக்கறதுக்குப் போயி யாருங்க இவ்வளவு பெரிய மெஷினை வாங்குவாங்க?"

ஆக, மெஷினுக்கு ஒரு ஃபில்டர் மாட்டக் கிளம்பினவள், என் வீட்டுக்காரரின் கம்பெனி திறக்கிற வரைக்கும் எங்கள் உலையைக் கொதிக்கவைத்த டிக்காஷன் ஃபில்டருக்கு ஒரு மெஷினை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.